சாமிக்கண்ணு வின்சென்ட்டும் மௌனப் படங்களும்

ஒரு வருஷத்தில் வெளிவந்த படங்களையெல்லாம் வரிசைப்படுத்தி, இது முதன்மையானது, இது இரண்டாவது, இது தள்ளத்தக்கது என்று தீர்ப்புக் கூறுவது சினிமா அபிமானிகளுக்குப் பிரியமான காரியம். நூறாண்டுக்கு முந்திய மௌனப் படங்களைக்கூட அவர்கள் விட்டு வைப்பதில்லை. 1914-ம் வருஷத்தை எடுத்துக்கொண்டால், இத்தாலியில் இன்ன படம், அமெரிக்காவில் இன்ன படம் என்று வரிசை தயாராகிவிடுகிறது. நடித்தவர் பெயரும், இயக்கியவர் பெயரும், முதலிட்ட கம்பெனியின் பெயரும் அதில் உண்டு. அப்படங்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, எழுத்தறியாத ஜனங்களின் கண்முன் ஓட்டிக் காட்டியவரின் பெயர் மட்டும் எந்த வரிசையிலும் இருப்பதில்லை. திரையும் ஜனங்களும் இல்லாவிடில் படம் என்பது தகரப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு நாடாவேயன்றி வேறன்று. ஆகவே தென்னாட்டு ஜனங்களுக்குத் திரையைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுள் முன்னணியில் நின்ற ஸ்ரீ சாமிக்கண்ணு வின்சென்ட்டின் சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்டுவது நமது கடமையாகும்.

வின்சென்ட் 1883-ம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி கோயம்புத்தூரில் பிறந்தார். அக்காலத்துக் கோயம்புத்தூர் இன்று நாம் காணும் ஆலை நகரமன்று. சோளமும் பருத்தியும் விளையும் வறண்ட சீமையின் நடுவே இருந்த ஒரு ஜில்லாத் தலைநகர், அவ்வளவே. திருப்பூரும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊர்தான். சென்னையிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதை இவ்வூர்களின் வழியாகப் போடப்பட்டிருந்தமையால், இப்பக்கத்து வாலிபர்களுக்கு ரயில்வே உத்தியோகம் கைக்கெட்டிய பிழைப்பாக இருந்தது. வின்சென்ட்டும் அவ்வழியே சென்றார். திருச்சிராப்பள்ளியில், தென்னிந்திய ரயில்வேயில், நகல் படம் வரையும் வேலையில் அமர்ந்தார். சம்பளம் மாதம் 25 ரூபாய். அக்காலத்தில் அது மதிப்பான வேலை. சர்க்கார் உத்தியோகத்திற்கு அடுத்தபடியாகப் பெற்றோர் விரும்பிய வேலை. மனிதர் அடங்கியிருந்தால் முப்பது வருஷம் கோடும் வட்டமும் வரைந்து முடித்து வீடு திரும்பியிருக்கலாம்.

அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவராயிருந்தபோதுதான் உலகில் சலனப் படம் பிறந்தது. 1895-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் தங்கள் இயந்திரத்தைப் பொதுஜனங்களுக்கு முதன்முதலாகக் காட்டினர். ஏழு மாதங்கூட ஆகுமுன், 1896 ஜூலை 7-ந் தேதி, பம்பாயில் வாட்சன் ஹோட்டலில் அதே அற்புதம் காட்டப்பட்டது. சென்னைக்கும் அது விரைவில் வந்தது. ஆயினும் வந்தது யாருக்காக? காட்டியவர் வெள்ளையர், பார்த்தவர்களிலும் பெரும்பாலோர் வெள்ளையர், அல்லது அவர்களோடு பழகும் கனவான்கள். மவுண்ட் ரோட்டில் எழுந்த படக்கொட்டகையும் ஓர் ஐரோப்பியருடையதே. ஊர்ப்புறத்தானுக்குச் சலனப் படம் என்பது கேள்விப்பட்ட கதையாகவே இருந்தது.

1905-ம் வருஷம் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஒரு படக்கருவியையும் சில படச்சுருள்களையும் எடுத்துக்கொண்டு தென்னாட்டில் காட்சி நடத்தி வந்தார். திருச்சிராப்பள்ளியில் அவர் நோய்வாய்ப்பட்டார். மேற்கொண்டு பிரயாணம் செய்ய இயலாமல், சாமான்களை விற்றுவிட்டுத் தாய்நாடு திரும்ப எண்ணினார். வாங்க முன்வந்தவர் இருபத்திரண்டு வயதான ரயில்வே குமாஸ்தா வின்சென்ட். விலை சுமார் 2,000 ரூபாய். மாதம் 25 ரூபாய் வாங்குகிறவருக்கு அது ஆறரை வருஷத்துச் சம்பளத்துக்கு மேலாகும். ஒரு வேளை உண்ணாமலும் ஒரு முழத் துணி வாங்காமலும் சேர்த்தால்கூட அவ்வளவு காலம் பிடிக்கும் தொகையை, தமிழ்நாட்டில் இன்னும் வேரூன்றாத ஒரு தொழிலை நம்பி அவர் கொடுத்தார். அதே வருஷத்தில்தான் வங்காளப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி இயக்கம் தேசமெங்கும் மூண்டது. அந்நியர் கையிலிருக்கும் தொழிலை நம்மவர் ஏற்று நடத்த முடியும் என்ற நம்பிக்கையே சுதேசியத்தின் உயிர். வின்சென்ட் மேடையேறி அதைப் பேசியவர் அல்லர். தம் வாழ்க்கையைப் பணயம் வைத்து அதைச் செய்து காட்டினார்.

அவர் வாங்கிய படங்களுள் தலைமையானது ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம். இன்று பார்ப்போருக்கு அத்தகைய படங்கள் நாடக மேடையில் நிறுத்தி வைத்த சித்திரங்களைப் போலவே தோன்றும். எனினும் அன்று கூடாரத்தில் மணல் மேல் அமர்ந்திருந்தவர்களுக்கு அது வேறு விஷயம். அவர்களிற் பலர் அச்சரித்திரத்தை முன்பு கேட்டறியாதவர். திரையில் இடையிடையே வரும் அந்நிய எழுத்தைப் படிக்கத் தெரியாதவர். ஆயினும், ஒரு குழந்தை பிறப்பதும், ஒரு சாது நோயாளியைத் தொடுவதும், குற்றமற்றவன் சிலுவை சுமப்பதும் எந்தப் பாஷை பேசுவோருக்கும் விளங்கும். சொல்லின்றிக் கதை சொல்லும் வல்லமை எத்தகையது என்பதை வின்சென்ட் இங்கேதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

கூடாரத் தொழில் எளிதன்று. மின்சாரம் எட்டிப் பாராத ஊர்களில் வாயு விளக்கின் ஒளியைக் கொண்டு படம் ஓட்ட வேண்டும். கருவியைக் கையால் சுழற்ற வேண்டும். வேகம் தப்பினால் திரையில் மனிதர் ஓடுவர், அல்லது தள்ளாடுவர். அந்நாளைய படச்சுருள் நெருப்புப் பட்டால் வெடிமருந்து போல் பற்றிக்கொள்ளும் பொருளால் ஆனது. துணிக் கூடாரத்தின் நடுவே அதை வைத்துக்கொண்டு தொழில் நடத்துவது தினந்தோறும் அபாயத்தோடு விளையாடுவதேயாகும். ஒரே கருவி இருந்தமையால் சுருளுக்குச் சுருள் காட்சி நிற்கும். அவ்விடைவேளைகளில் ஜனங்கள் கலையாதிருக்கப் பாட்டும் ஆட்டமும் குஸ்தியும் வைப்பது அக்காலக் கூடாரங்களின் வழக்கம். மாலையில் தமுக்கடித்து, நோட்டீஸ் கொடுத்து, மாட்டு வண்டியில் ஊரைச் சுற்றி வந்து கூட்டம் சேர்ப்பார்கள். திரையின் அருகே ஒருவர் நின்று, இன்னான் இன்னது செய்கிறான் என்று உரத்த குரலில் விளக்கம் சொல்லுவார். படத்தோடு இசைத்தட்டு இயந்திரத்தையும் சேர்த்து வைத்து, எடிசனின் பெயரைச் சூட்டி, தம் காட்சியை வின்சென்ட் விளம்பரம் செய்தார்.

இவ்விதமாக அவர் தமிழ்நாடெங்கும் சுற்றினார். அதோடு நிற்கவில்லை. வடக்கே லாகூர், பெஷாவர் வரை சென்றார். கிழக்கே கடல் கடந்து ரங்கூனுக்கும், மலேயாவுக்கும், சிங்கப்பூருக்கும் கூடாரத்தை எடுத்துச் சென்றார். அத்தேசங்களில் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் உழைத்துக்கொண்டிருந்த தமிழர் எண்ணற்றோர். ஊரை விட்டுச் சென்ற அக்கூட்டத்தாரிடையே கோயம்புத்தூரான் ஒருவன் ஒளியையும் நிழலையும் கொண்டு பிழைப்பு நடத்தினான் என்பது தமிழர் சரித்திரத்தில் மறக்கத்தக்க செய்தியன்று.

1909-ம் வருஷத்தில் அவர் சென்னைக்கு வந்து, எஸ்பிளனேடு பக்கத்தில் கூடாரம் அடித்தார். படம் காட்டியதோடு, கருவிகளையும் படச்சுருள்களையும் பிறருக்கு விற்கவும் தொடங்கினார். தமக்குப் போட்டியாகப் பிறர் முளைப்பார்களே என்று அவர் அஞ்சவில்லை. தொழிலைத் தம்மோடு முடித்துக்கொள்ளாமல் பலர் கையில் பரவவிட்டமையால், தென்னாட்டில் படக்காட்சி ஒரு தனி மனிதனின் வித்தை என்ற நிலை மாறி, பலர் நடத்தும் தொழிலாயிற்று.

பின்னர் அவர் சொந்த ஊருக்குத் திரும்பினார். 1914-ம் வருஷத்தில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான படக்கொட்டகையைக் கட்டினார். தென்னிந்தியாவில் இந்தியர் ஒருவர் சினிமாவுக்கென்றே கட்டிய முதற் கட்டடங்களுள் அது ஒன்று. சென்னையில் ஸ்ரீ ரகுபதி வெங்கையா நாயுடுவின் கெயிட்டி கொட்டகையும் அவ்வருஷத்தைச் சேர்ந்ததே. தலைநகரில் அத்தகைய கட்டடம் எழுவது இயல்பு. கோயம்புத்தூரில் எழுந்தது எவ்வாறு என்பதே யோசிக்கத்தக்கது.

கூடாரக்காரனுக்குத் திருவிழாக் கூட்டம் போதும். கூட்டம் கலைந்தால் அவனும் மூட்டை கட்டிவிடுவான். கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவனுக்கோ வாரந்தோறும் காசு கையில் புழங்கும் ஜனங்கள் வேண்டும். அத்தகைய ஜனங்களை அப்போது பஞ்சு உண்டாக்கிக்கொண்டிருந்தது. ஸ்டேன்ஸ் துரையின் நூற்பாலை முன்னரே ஓடிக்கொண்டிருந்தது. நம்மவர் முயற்சியாகக் காளீஸ்வரா மில், லட்சுமி மில் முதலியன தோன்றிய காலம் அது. 1905-ஐ ஒட்டி இப்பக்கத்துக் கிணற்றுப் பாசன நிலங்களில் கம்போடியாப் பருத்தி வேரூன்றியது. திருப்பூர் அதன் பெரிய சந்தையாயிற்று. கொட்டை நீக்கும் அரவை ஆலைகள் அங்கே வரிசையாக எழுந்தன. பனியன் தொழில் அவ்வூரில் தலையெடுத்தது அதற்குப் பிந்திய கதை. மழையை நம்பி வாழ்ந்த குடியானவனின் மகன் சங்கு ஊதினால் வேலைக்குப் போய், கூலி நாளில் காசோடு திரும்பும் மனிதனாக மாறிக்கொண்டிருந்தான். அவனுக்கு மாலைப் பொழுதும் ஓரணாவும் மிஞ்சின. வெரைட்டி ஹாலின் அஸ்திவாரம் அந்த ஓரணாவின் மேல் போடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அக்கொட்டகை எழுந்த 1914-ம் வருஷத்துப் படங்களை நாமும் ஒரு வரிசையில் வைத்துப் பார்ப்போம். படவிமர்சகர்கள் முதலிடம் கொடுப்பது இத்தாலியரான ஜொவான்னி பாஸ்த்ரோனே எடுத்த கபீரியா என்னும் படத்துக்கு. ரோமாபுரிக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த பழைய யுத்தத்தைப் பின்னணியாகக் கொண்டது. மாளிகைகளும் கோயில்களும் மலைக்கத்தக்க அளவில் கட்டப்பட்டன. படக்கருவியை வண்டியில் ஏற்றி நகர்த்திய உத்தி பிற்காலத்தார் யாவருக்கும் வழிகாட்டியாயிற்று. ஜெனோவாத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒரு தொழிலாளி பலசாலி வேடமிட்டு உலகப் பிரசித்தி பெற்றார். ஆனால் கதை சிக்கலானது. எழுத்துப் பலகைகளைப் படிக்காதவன் பாதியில் திகைத்துப் போவான்.

அடுத்து, அவ்வருஷத்தில்தான் சார்லி சாப்ளின் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். ஒரே வருஷத்தில் முப்பதுக்கு மேற்பட்ட படங்கள்; பெரும்பாலானவை ஒரு சுருள் அல்லது இரண்டு சுருள் அளவே. அவசரத்தில் எடுத்தவை, அடியும் உதையும் மிகுந்தவை என்று குறை சொல்லலாம். எனினும் தொளதொளத்த கால்சட்டையும் கைப்பிரம்புமாக வந்த அந்த ஏழையின் உருவம் அவற்றில்தான் பிறந்தது. அதைப் புரிந்துகொள்ள ஓரெழுத்தும் தெரிய வேண்டுவதில்லை. மூன்றாவதாக, பெர்ல் ஒயிட் அம்மை நடித்த பாலினின் அபாயங்கள் என்னும் தொடர் படம். கலையழகைத் தேடுவோருக்கு அதில் ஏமாற்றமே. ஆயினும், ஆபத்தில் அகப்பட்ட பெண் தப்பினாளா என்று அறிய ஜனங்களை மீண்டும் மீண்டும் வரவழைக்கும் தந்திரத்தை அது கொட்டகைக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

விமர்சகரின் தராசில் கபீரியா முதல், சாப்ளின் இரண்டாவது, தொடர் படம் கடைசி. கூடாரத்துத் தராசில் அந்த வரிசை புரண்டுவிடும். மணல் மேல் அமர்ந்தவனுக்குச் சொல்லின்றி விளங்குவதே முதல் தகுதி. அவ்வகையில் சாப்ளினுக்கே நமது முதலிடம். மறுநாள் நண்பனிடம் சொல்லத் தூண்டுவது இரண்டாம் தகுதி. அதில் தொடர் படம் முந்தும். பிரமிக்க வைப்பது அதற்குப் பிற்பட்டதே. வின்சென்ட்டைப் போன்ற காட்சிக்காரர்கள் விமர்சனம் எழுதவில்லை. எந்தப் படத்தை ஒரு நாள் கூடுதலாக ஓட்டுவது, எதை அன்றிரவே பெட்டியில் கட்டுவது என்பதுதான் அவர்களுடைய விமர்சனம். அதில் பிசகினால் நஷ்டம் அவர்களையே சேரும்.

இவ்வரிசையில் ஓரிடத்தை நாம் காலியாக விட வேண்டியிருக்கிறது. நமது தேசத்தில் முழுநீளக் கதைப்படத்திற்கு வழி வகுத்த தாதாசாகேப் பால்கே 1914-ல் சத்தியவான் சாவித்திரி என்னும் படத்தை வெளியிட்டார். நம் பாட்டிமார் சொல்லிய கதை. விளக்கம் சொல்லுவார் வேண்டாமலே கிராமத்தான் அறிந்த கதை. அது எவ்விடத்தைப் பெறும் என்று தீர்ப்புக் கூற நமக்கு வழியில்லை. ஏனெனில் அப்படம் அழிந்துபோயிற்று. இத்தாலியரின் படம் இருக்கிறது. சாப்ளினுடைய அவ்வருஷத்துப் படங்களில் ஒன்று தவிர மற்றவை இருக்கின்றன. தொடர் படங்கூடச் சுருக்கிய வடிவிலேனும் இருக்கிறது. நம்முடையது இல்லை.

வெரைட்டி ஹால் திறந்த அவ்வருஷத்திலேயே ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. பிரெஞ்சு, இத்தாலியப் படங்களின் வரவு குன்றி, அமெரிக்கப் படங்கள் கொட்டகைகளை நிரப்பின. எட்டி போலோ, எல்மோ லிங்கன் முதலிய வீரர்களின் பெயர்கள் தமிழ்நாட்டுச் சிறுவர் வாயிலும் வழங்கின. 1918-ல் சர்க்கார் சினிமாச் சட்டம் ஒன்றை இயற்றி, கொட்டகைக்கு லைசென்ஸும் படத்துக்குத் தணிக்கையும் விதித்தனர். அதன் கூர்மை விரைவில் தெரிந்தது. 1921-ல் பம்பாயில் எடுத்த பக்த விதுரன் என்னும் படத்தில் விதுரருக்குக் காந்தியடிகளின் சாயல் இருந்தமையால், சென்னை மாகாணத்தில் அது தடுக்கப்பட்டது. வாய் பேசாத படத்துக்கும் சர்க்கார் அஞ்சினர். கதர் நூற்றுக்கொண்டிருந்த திருப்பூர்ச் சீமையில் அப்படம் ஓடியிருந்தால் ஜனங்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று.

வின்சென்ட்டின் முயற்சி கொட்டகையோடு நின்றதன்று. பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் இச்சீமைக்கு வந்தது 1930-களில்தான். அதற்கு வெகுகாலம் முன்னரே, தம் காட்சிக்கு வேண்டிய மின்சாரத்தை அவர் தாமே உண்டாக்கிக்கொண்டார். பகலில் சும்மா கிடக்கும் இயந்திரத்தை வீணாக்க மனமில்லாமல் அரிசி ஆலையையும் அச்சுக்கூடத்தையும் மின்சாரத்தால் இயக்கினார். பிற்காலத்தில் இயந்திரத் தொழிலுக்குப் பேர்பெற்ற கோயம்புத்தூரின் சுபாவம் அவரிடம் முளையிலேயே தென்பட்டது எனலாம்.

1931-ம் வருஷம் அக்டோபரில் காளிதாஸ் வெளிவந்து தமிழ்த் திரை பேசத் தொடங்கிற்று. மௌனப் படத்தால் வாழ்ந்தவர் பலர் அத்தோடு மறைந்தனர். வின்சென்ட் மறையவில்லை. வெரைட்டி ஹாலில் பேசும் கருவியைப் பொருத்தினார். பிறர் எடுத்ததைக் காட்டுவதோடு நில்லாமல், கல்கத்தா பயனீயர் கம்பெனியாரோடு சேர்ந்து 1933-ல் வள்ளி திருமணம் படத்தை எடுத்தார். டி.பி.ராஜலட்சுமி அம்மாள் வள்ளியாக நடித்த அப்படம் நல்ல வெற்றி பெற்றது. ஆனால் தமிழ்ப் படம் எடுக்கத் தமிழர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயிலேற வேண்டிய நிலைமை அவரை உறுத்தியிருக்க வேண்டும். 1930-களின் நடுவில், ஆலை முதலாளியான ஸ்ரீ பி.ரங்கசாமி நாயுடு முதலியோருடன் சேர்ந்து கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவைத் தோற்றுவிப்பதில் அவர் பங்கு கொண்டார். பஞ்சில் விளைந்த பணம் படத்துக்கும் முதலாயிற்று. பின்னர் ஹரிதாஸ் போன்ற பெரும் படங்கள் உருவானது அந்த ஸ்டூடியோவில்தான்.

1942-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி, தமது ஐம்பத்தொன்பதாம் வயதில், வின்சென்ட் காலமானார். திரை பேசாத காலத்தில் தொழிலுக்கு வந்தவர், சொந்த ஊரில் தமிழ்ப் படம் தயாராகும் காலத்தைக் கண்ணால் கண்ட பின்பே மறைந்தார்.

இன்று அவர் நினைவாக எஞ்சியது என்ன? வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறி, நெடுங்காலம் நடந்து, முடிவில் காட்சிகள் நின்றுபோயிற்று. அத்தெருவுக்கு மாத்திரம் வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் நிலைத்திருக்கிறது. தினந்தோறும் அப்பெயரைச் சொல்லிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் காரணம் தெரியும்?

படங்களின் நிலையோ இன்னும் பரிதாபம். ஸ்ரீ நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த கீசக வதம் முதல், தென்னாட்டார் எடுத்த மௌனப் படங்கள் ஏறக்குறைய அனைத்தும் அழிந்தன. தீயில் வெந்தவை சில; வெள்ளிச் சத்துக்காகக் கரைக்கப்பட்டவை சில; கவனிப்பாரற்று மக்கியவை பல. நாகர்கோவிலாரான ஸ்ரீ சுந்தர ராஜ் முதலிட்டு, வள்ளி திருமணத்தை இயக்கிய பி.வி.ராவே இயக்கிய மார்த்தாண்ட வர்மா மட்டும் பூனாவிலுள்ள தேசியப் படக் காப்பகத்தில் உயிரோடிருக்கிறது. உலகத்தார் மௌனப் படங்களை வரிசைப்படுத்தும்போது நம் படங்களுக்கு இடமில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. காப்பாற்றாதவனுக்கு வரிசையில் இடம் கேட்க உரிமை ஏது?

போனவை போயின. ஆயினும் பழைய கொட்டகைக் குடும்பங்களின் பரண்களில் அக்கால நோட்டீசுகளும், டிக்கெட்டுக் கட்டைகளும், கணக்குப் புத்தகங்களும், ஒருகால் துண்டுச் சுருள்களும் இன்னும் கிடக்கக்கூடும். பழைய தாளென்று எடைக்குப் போடுமுன் அவற்றைக் கல்லூரிகளிடமும் காப்பகத்திடமும் ஒப்படைத்தால், எந்த ஊரில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்ற கணக்காவது நமக்குக் கிட்டும். அதுவே ஜனங்கள் காசு கொடுத்து எழுதிய விமர்சனம். நெசவு இயந்திரத்தின் பழைய சக்கரத்தைக் கூட எறிய மனம் வராமல் எண்ணெயிட்டு வைக்கும் கோவை, திருப்பூர்த் தொழிலாளருக்கு இதை நாம் அதிகம் வற்புறுத்த வேண்டுவதில்லை. ஆறரை வருஷத்துச் சம்பளத்தை ஒரே நாளில் துணிந்து கொடுத்த அந்த ரயில்வே குமாஸ்தாவுக்கு, அவர் ஊரார் செய்யத்தக்க மரியாதை இதுவேயாகும்.